ஒன்பதாம் மாத ஊசி

என் பிரிவில் ஊசி தவறிய பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று சுகாதாரக் கந்தோரில் என்னைப் புகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. மாதக் கூட்டத்தில் எங்கள் டொக்டர் என்னுடைய இடாப்பைத் தூக்கிப் பிடித்து மற்ற மருத்துவமாதுகளுக்குக் காட்டுவார். "இப்படி வைத்திருக்க வேண்டும்" என்பார். நான் இதெல்லாம் பெரிய விஷயமா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பேன். இப்போது அந்த முகத்தை நினைத்தால் ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருக்கிறது.

மன்னார் டவுனுக்குள் நாலைந்து ஒழுங்கைகள் சேர்ந்த ஒரு பிரிவு என்னுடையது. கர்ப்பிணித் தாய்மார், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், எல்லோருடைய பெயரும் விலாசமும் இடாப்பில் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் எந்த ஊசி என்று பெயருக்கு நேரே கட்டங்கள். கிளினிக்குக்கு வராத பிள்ளையின் வீட்டுப் படலையில் அடுத்த நாள் காலமை என் சைக்கிள் நிற்கும். தாய் குளிக்கிறாள் என்றால் குளித்து முடியும் வரை நிற்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சாட்டுச் சொன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். என் வாய்க்குப் பயந்தே பலர் நேரத்துக்கு வந்தார்கள். நான் வங்காலைக்காரி, எங்கள் ஊர்ப் பெண்களின் வாய் அப்படித்தான் என்று டவுன் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதிலும் ஒரு பெருமை.

சண்டை முடிந்து முகாமிலிருந்து சனத்தை ஊர்களுக்கு விடத் தொடங்கியபோது டவுன் நிரம்பியது. மீள்குடியேற்றம் என்று சொல்லித்தான் விட்டார்கள். அடம்பன் பக்கத்துச் சனத்தைப் பஸ்ஸில் கொண்டுபோய், காடு மண்டிக் கிடந்த காணிகளில் இறக்கி, தகரமும் தடியும் சீமெந்துப் பையும் கொடுத்தார்கள். வயலுக்குள் இறங்க முடியாது. மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடிப் பலகைகள் வரம்புக்கு வரம்பு நின்றன. கிணறுகளை இறைத்தவர்கள் என்னென்னவோ எடுத்தார்கள். விதைக்க நிலம் இல்லை, கூலிக்கு வேலை இல்லை. தகரக் கொட்டிலைப் போட்டுவிட்டு ஆம்பிளைகள் பாலம் தாண்டி டவுனுக்கு வந்தார்கள். பின்னால் பெண்சாதி பிள்ளைகளும் வந்து, வீடுகளின் பின்பக்கச் சாய்ப்புகளில் வாடகைக்கு இருந்தார்கள்.

ஆனால் எழுத்தில் அவர்கள் எல்லோரும் ஊரில்தான் இருந்தார்கள். கல்வீட்டுத் திட்டம் வரப்போகிறது, ஊரில் இருக்கிற குடும்பத்துக்குத்தான் வீடு, டவுனில் இருப்பது தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று ஒரு கதை எல்லாக் கொட்டிலிலும் ஓடியது. அது எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அந்தச் சனம் அதை முழுக்க நம்பியது என்பது மட்டும் தெரியும்.

அவளும் அப்படி வந்தவள்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அடம்பனுக்கு உள்ளே ஒரு கமக்காரக் குடும்பம். புருசன் தாழ்வுபாட்டுக் கரையில் மீன்பெட்டி தூக்கவும் ஐஸ் உடைக்கவும் போவான். என் பிரிவுக்குள், கிணற்றடியோடு இருந்த ஒரு சாய்ப்பில் குடியிருந்தார்கள். பெண்பிள்ளை ஒன்று. பிள்ளை பிறந்தது மீள்குடியேறிய பிறகு; இரண்டு, நாலு, ஆறு மாத ஊசிகளை ஊர்க் கிளினிக்கில் ஒழுங்காகப் போட்டுவிட்டுத்தான் டவுனுக்கு வந்திருந்தாள். எஞ்சியிருந்தது ஒன்பதாம் மாதத்தில் போடுகிற சின்னமுத்து ஊசி, தட்டம்மைக்கானது.

அதற்கு அவள் பிள்ளையைக் கொண்டு என்னிடம் வந்தாள். வந்தாள் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த ஒன்றை எல்லோரும் மறந்து போனார்கள். நான் மறக்கவில்லை.

சனசமூக நிலையத்தில்தான் எங்கள் கிளினிக். தகரக் கூரை, பதினொரு மணிக்கே உள்ளே இருக்க முடியாத வெக்கை. அவள் வரிசையில் கடைசி ஆளாக நின்று, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினாள். திறந்து பார்த்தேன். விலாசம் அடம்பன்.

"எங்க இருக்கிறீங்கள் தங்கச்சி?"

"ஊரிலதான் மிஸி. இஞ்ச சொந்தக்காரர் வீட்டை வந்தனான்."

ஒரு மாதமாக அந்தக் கிணற்றடியில் அவள் உடுப்புத் தோய்ப்பதை நான் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். என்னிடம் பொய் சொல்கிறாளே என்று சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒரு மாதமா உங்களை நான் காணுறன். சொந்தக்காரர் வீட்டில ஆர் இவ்வளவு நாள் இருக்கிறது? டவுன் விலாசத்தைச் சொல்லுங்கோ, எழுதுவம்."

அவள் முகம் வெளிறிப் போனது. குனிந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "எழுதாதையுங்கோ மிஸி. டவுனில இருக்கிறமெண்டு எழுத்தில வந்தால் வீட்டுக்குப் பேரை வெட்டிப்போடுவினம். ஊசியை மட்டும் போட்டு விடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

வீட்டுக்குப் பெயர் எழுதுகிற விதானையார் எங்கள் இடாப்பை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டார். வீட்டுத்திட்டத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதைச் சொல்லியிருக்கலாம். முகாமுக்குள் இருந்து வந்தவர்களுக்குப் பெயர் எழுதுகிற எல்லாக் கையும் ஒரே கைதான் என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அங்கே யார் பெயர் எழுதினாலும் அதற்குப் பிறகு ஏதோ ஒன்று நடந்தது. ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அல்லது சாமான் கொடுத்தார்கள், அல்லது இரண்டும் இல்லாமல் திரும்பவும் எழுதினார்கள். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஊசி போட விலாசமே தேவையில்லை. இலங்கையில் எந்த மூலையில் பதிந்த பிள்ளையானாலும், எந்தக் கிளினிக்குக்குக் கொண்டு வந்தாலும் போட வேண்டும். கொப்பியில் திகதியைக் குறித்து, வெளிப்பிரிவுப் பிள்ளை என்று தனித்தாளில் ஒரு வரி எழுதினால் சரி. பயிற்சியில் முதலாவதாகச் சொல்லித் தந்தது அது. எனக்கு அது அன்றைக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் தனித்தாள் என்றால் மாத முடிவில் குப்பிக் கணக்கும் பிள்ளைக் கணக்கும் இடிக்கும். கந்தோரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய மாதம்தான் அப்படி நின்று ஏச்சு வாங்கிக் கட்டியிருந்தேன். வெக்கை வேறு. பொய் வேறு. நான் கொப்பியை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

"விலாசம் தரேலாதெண்டால் உங்கட ஊர் மிஸியிட்டப் போய்ப் போடுங்கோ. பதியாத பிள்ளைக்கு இஞ்ச போடேலாது."

 பிள்ளை என் பேனையின் மூடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் அந்த விரல்களைப் பிரித்து மூடியை எடுத்தேன். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.

சின்னமுத்து ஊசிமருந்து பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குப்பி. தூளாக இருப்பதைக் கரைத்துவிட்டால் சில மணித்தியாலம்தான் வைக்கலாம். மிஞ்சினால் எறிய வேண்டும். அன்றைக்கு ஆறு பிள்ளைகளுக்குப் போட்டிருந்தேன். கிளினிக் முடிந்ததும் நாலு பிள்ளைகளுக்கான மருந்தோடு அந்தக் குப்பியை எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

ஊர் மிஸியிடம் போகச் சொன்னது பெரிய விஷயமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் கிழமைக்கொருதரம் ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். எதற்கென்று பிறகு தெரிந்தது. தாழ்வுபாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், கத்தோலிக்கரான எல்லோரும் பூசைக்குப் போய்விடுவார்கள். புருசனுக்கும் வேலை இல்லை. அன்றைக்கு இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்குப் போவார்கள். பூட்டிக் கிடந்த தகரக் கொட்டிலைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்துக் குடிப்பார்கள். கொடியில் இரண்டு உடுப்பைப் போட்டுவிட்டுப் பின்னேரம் டவுனுக்குத் திரும்புவார்கள். விதானையார் பார்க்க வந்தால் அடுப்பில் புதுச் சாம்பல் இருக்க வேண்டும், கொடியில் உடுப்பு இருக்க வேண்டும். அவள் மட்டும் செய்த வேலையில்லை இது. அந்த நாட்களில் ஞாயிறு காலமைப் பஸ் முழுக்கச் சாம்பல் வைக்கப் போகிற சனம்தான்.

ஊர்க் கிளினிக் மாதத்தில் ஒரு புதன்கிழமை. அந்தப் புதனுக்கு ஒருதரம் அவள் புறப்பட்டாள். மாரி காலம். வயல்வெளியில் வெள்ளம் ரோட்டை மூடி நின்றதால் பஸ்ஸைப் பாதியில் நிற்பாட்டிவிட்டார்கள். பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் மரத்தின் கீழே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த மாதப் புதன் புருசனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த புதன் வரும்போது, இவ்வளவு பிந்திப் போய் நின்றால் அந்த மிஸியும் ஏசுவா என்று பயம் வந்துவிட்டது. ஊர் மிஸி தன் பங்குக்குக் கொட்டிலடிக்கு வந்து பார்த்திருக்கிறாள். கதவில் கம்பி கட்டியிருந்தது. அடுப்பில் சாம்பல் இருந்தது. ஆட்கள் ஊரில்தான் இருக்கிறார்கள், இன்றைக்கு வெளியில் போயிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். விதானையாருக்கு வைத்த சாம்பல் அவளையும் ஏமாற்றிவிட்டது.

ஒழுங்கையில் நான் அவளை அடிக்கடி கண்டேன்.

"ஊசி போட்டாச்சோ?" என்று சைக்கிளை நிற்பாட்டாமலே கேட்பேன்.

"ஓம் மிஸி, போட்டாச்சு" என்பாள். சொல்லும்போது பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்வாள்.

அவள் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். எத்தனை தாய்மாரைப் பார்த்தவள் நான். கொப்பியைக் காட்டுங்கோ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் கட்டம் வெறுமையாக இருக்கும். வெறுமையைக் கண்ட பிறகு அந்தப் பிள்ளையை நான் எழுத வேண்டும்; எழுதினால் என் பிரிவில் ஊசி தவறிய பிள்ளை ஒன்று இருக்கும். இடாப்பில் இல்லாத வரைக்கும் அது என் பிள்ளை இல்லை. இதை இப்படித் தெளிவாக வார்த்தையாக்கி அப்போது நான் நினைக்கவில்லை. ஆனால் அதைத்தான் செய்தேன்.

பிள்ளை வளர்ந்தது. நடந்தது, ஓடியது. கதைக்கவும் தொடங்கியது. நல்ல வாய். அம்மா, அப்பா, பால், காகம், வா, போ, வேண்டாம் என்று ஒன்றொன்றாக வந்து, இரண்டு வயது தாண்டும்போது இரண்டு மூன்று சொற்களைக் கோத்துச் சொன்னது. என் சைக்கிள் மணி ஒழுங்கை முனையில் கேட்டதுமே படலைக்கு ஓடிவந்து "மிச்சி, மிச்சி" என்று கூப்பிடும். நான் கையை ஆட்டிவிட்டுப் போவேன்.

அந்த வருசம் சின்னமுத்து டவுனுக்குள் வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு மூன்று. என் பிரிவுப் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பினார்கள், கட்டங்கள் நிரம்பியிருந்தன. கிணற்றடிச் சாய்ப்பில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் கேள்விப்பட நாலு நாள் ஆகிவிட்டது. உடம்பு முழுக்கச் சிவந்து போட்டதும் அம்மாள் வந்திருக்கிறா என்று பக்கத்துக் குடித்தனப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணி தெளித்து, மருந்து கொடுக்காமல் வைத்திருந்தாள். நாலாம் நாள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

நான் வார்டுக்குப் போனேன். பிள்ளையின் கண்கள் மூடியிருந்தன. மூக்கில் குழாய். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள்.

"மிஸி, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். ஊசி போடேல்லை. நான் போடேல்லை மிஸி. என்ர பிள்ளையை நான்தான் கெடுத்துப்போட்டன்."

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். "பரவாயில்லை, இப்ப அதைக் கதைக்காதையுங்கோ" என்றேன். அவள் தோளில் தட்டினேன். அதாவது, நான் அவளை மன்னித்தேன். 

பிள்ளையை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு உயிரோடு திரும்பி வந்தது. கடவுளுக்கு நன்றி சொன்னோம். ஒழுங்கை முனையில் மணியடித்துக்கொண்டு போனேன். பிள்ளை படலையடியில் மண்ணில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தது. நிமிரவில்லை. பக்கத்தில் போய் நிற்பாட்டி இன்னொருதரம் அடித்தேன். என் நிழல் மண்ணில் விழுந்த பிறகுதான் தலையைத் தூக்கியது. சைக்கிளைப் படலையில் சாத்தினேன். உள்ளே போய் அவளிடம் சொன்னபோது, "ஓம் மிஸி, கூப்பிட்டாத் திரும்பிறாள் இல்லை. இன்னும் அசதி போகேல்லைப் போல" என்றாள்.

காது சோதித்தவர்கள் இரண்டு பக்கமும் போய்விட்டது என்று சொன்னார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறினபோது நடந்திருக்கும் என்றார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளை வைத்திருந்த சொற்கள் போகத் தொடங்கின. வந்த வரிசைக்கு எதிர் வரிசையில் போயின. முதலில் கோத்துப் பேசியது நின்றது. பிறகு காகம் போனது, பால் போனது. கொஞ்ச நாள் அம்மா மட்டும் இருந்தது, அதுவும் ம்மா என்று தேய்ந்து, ஒருநாள் இல்லாமல் போனது. ஒவ்வொன்றும் எப்போது கடைசியாக வந்தது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் நின்று கேட்பேன். வேறு என்ன செய்ய?

விசாரணை ஒன்று நடந்தது. ஊர் மிஸி, போய்ப் பார்த்தபோது வீட்டில் ஆள் இல்லை என்று எழுதினாள். நான், என் பிரிவில் பதிவில்லை என்று எழுதினேன். இரண்டும் உண்மை. டொக்டர் இரண்டையும் வாசித்துவிட்டு, பாவம், என்ன செய்வது, இந்தச் சனம் இப்படித்தான் என்று சொல்லிக் கோப்பை மூடினார். என்னுடைய பக்கம் சுத்தமாகவே இருந்தது.

நான் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடமையில் ஒரு பிழை விட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஃபாதர் சொன்ன செபங்களை முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். மனம் கொஞ்சம் லேசானது போலவும் இருந்தது. அந்த லேசு எனக்கு உரியதில்லை என்று எனக்குள் ஒன்று சொன்னது. அதை நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

சின்னமுத்து அடங்கிய பிறகு, ஊசியைப் பற்றித் தாய்மாருக்குக் கூட்டம் வைத்துச் சொல்லும்படி மேலிடத்திலிருந்து வந்தது. நாங்கள் சொன்னால் காதில் விழாது, பாதிக்கப்பட்ட தாய் யாராவது கதைத்தால் நல்லது என்று டொக்டர் சொன்னார். அவர் முடிப்பதற்குள் என் கை உயர்ந்தது. அவளிடம் போய்க் கேட்டதும் நான்தான். அவள் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை.

"வாறன் மிஸி. என்னால ஒரு பிள்ளை தப்பினாலும் காணும்."

முதற்கூட்டத்தில் அவளுக்குக் குரல் வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் நன்றாகச் சொன்னாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பி நிற்பாள். "இது என்ர பிள்ளை. இவளுக்குக் காது கேளாது, கதைக்கமாட்டாள். நான் ஒன்பதாம் மாத ஊசியைப் போடாமல் விட்டனான். வீடு கிடைக்காமல் போயிடுமெண்டு பயந்து பதியேல்லை. மிஸி கேக்கக் கேக்கப் போட்டதெண்டு பொய் சொன்னனான். பிழை முழுக்க என்னில. நீங்கள் இப்பிடிச் செய்யாதையுங்கோ" என்பாள். தாய்மார் அழுவார்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் பிள்ளை ஆட்களைப் பார்த்துச் சிரிக்கும், கையில் கொடுத்த பலூனை நகத்தால் சுரண்டும். நான் பக்கத்தில் கதிரையில் இருந்து வரவு இடாப்பில் கையெழுத்து வாங்குவேன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கிளினிக்குக்கு வந்த அந்த நாளைச் சொல்வாள் என்று பயந்திருப்பேன். ஒருநாளும் சொல்லவில்லை. முதலில், என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து நன்றியாக இருந்தேன். பிறகு விளங்கியது, அப்படி ஒன்றுமில்லை. விலாசம் தராத பிள்ளைக்கு ஊசி போடமுடியாது என்று மிஸி சொன்னா. மிஸி சொன்னதுதான் சட்டம். சட்டப்படி நடந்தவளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? தன் பிழையைத்தான் அவள் சொல்ல வந்தாள். அது விளங்கிய பிறகும் நான் அவளை இன்னும் நாலு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைசிக் கூட்டம் அதே சனசமூக நிலையத்தில் நடந்தது. முப்பது பேர் வரை இருந்தார்கள். அவள் வழக்கம் போலச் சொல்லி முடித்தாள். பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழும்பினாள். கைக்குழந்தையோடு இருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியேறிய குடும்பம் ஒன்று, பேச்சிலேயே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மிஸி, நாங்களும் இங்க பதியல. எங்க விலாசம் அந்தப் பக்கம். அத மாத்த ஏலாது. எங்க புள்ளைக்கு இங்க ஊசி போட்டுக்கலாமா?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். கதை சொல்லி முடித்தவள் பிள்ளையோடு என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். என் வாயில் இரண்டு பதில்கள் இருந்தன. கூட்டம் முடிய வந்து சந்தியுங்கோ என்று ஒன்று. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தச் சின்னப் பெண்ணின் கையில் இருந்த குழந்தை கொட்டாவி விட்டது. எட்டு ஒன்பது மாதம்தான் இருக்கும்.

"ஓம், போடலாம்" என்றேன். "எந்த விலாசமெண்டாலும் போடலாம். பதியத் தேவையில்லை. ஒண்டும் எழுத விருப்பமில்லையெண்டாலும் பரவாயில்லை. பிள்ளையைக் கொண்டுவந்தால் சரி, நாங்கள் போடத்தான் வேணும்."

அந்தப் பெண் நிம்மதியாக இருந்துகொண்டாள். பக்கத்தில் நின்றவள் என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இது இப்ப வந்த சட்டமோ மிஸி?"

ஓம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"இல்லை" என்றேன். "முந்தியும் அதுதான்."

"அண்டைக்கும்?"

"ஓம். அண்டைக்கும்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  சனம் ஒன்றும் விளங்காமல் இருந்தது. சிலர் எழும்பிப் போகப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றி வைத்தாள். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"போகாதையுங்கோ, இருங்கோ. நான் சொன்ன கதை பிழை. திருப்பிச் சொல்லுறன்."

எழும்பியவர்கள் திரும்ப இருந்தார்கள். அவள் முதலில் இருந்து தொடங்கினாள்.

"இது என்ர பிள்ளை. இவளுக்கு ஒன்பது மாதம் நடக்கேக்க, நான் ஊசி போட இந்த மிஸியிட்டக் கொண்டு வந்தனான்."